பீட் போஸல்த்வெயிட்: நடித்தது முகம் மட்டும்தானா?

வாசகர் ஒருவரின் கேள்வி:

குணச்சித்திர நடிகர்கள் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் பிரிட்டிஷ் நடிகர் பீட் போஸல்த்வெயிட் பெயரைச் சொல்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒட்டிய கன்னம், துருத்திக்கொண்டு நிற்கும் கன்ன எலும்பு, உருண்டை மூக்கு. அந்த முகத்தைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். நான் பார்த்த படங்களில் எல்லாம் ஒன்று நோயாளித் தந்தை, இல்லாவிட்டால் மிரட்டும் பெரியவர். முகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன?

மார்ச் 2

மிச்சம் நிறைய இருக்கிறது. இரண்டே படங்களை வைத்துப் பேசுகிறேன். இரண்டிலும் அவர் தந்தைதான்.

1988-இல் வந்தது டெரன்ஸ் டேவிஸ் இயக்கிய 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்'. லிவர்பூலில் ஒரு தொழிலாளர் குடும்பம், நாற்பதுகளும் ஐம்பதுகளும். இயக்குநர் தன் சொந்த வீட்டுக் கதையைத்தான் எடுத்திருக்கிறார். படத்தில் சுவரில் தொங்கும் புகைப்படம்கூட அவருடைய உண்மையான தந்தையின் படம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. பிள்ளைகள் தூங்குகிறார்கள். தந்தை மெதுவாக வந்து எட்டிப் பார்த்து, அவர்களை ஆசீர்வதித்துவிட்டுப் போகிறார். அவ்வளவு கனிவு. அடுத்து பண்டிகைச் சாப்பாடு. அதே மனிதர் மேசை விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, தட்டும் உணவுமாக எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, வந்து சுத்தம் செய் என்று மனைவியைக் கூவுகிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

ஐந்தாண்டு கழித்து ஜிம் ஷெரிடனின் 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்'. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஜுசெப்பே கான்லன். நுரையீரல் கெட்டுப்போன, பக்தியுள்ள, குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். மகனைக் காப்பாற்ற லண்டன் வந்து, செய்யாத குற்றத்துக்காகத் தானும் சிறைக்குப் போகிறார். மகனாக டேனியல் டே-லூயிஸ். அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் உண்மையில் பதினொரு வயதுதான் வித்தியாசம்: போஸல்த்வெயிட் பிறந்தது 1946-இல், டே-லூயிஸ் 1957-இல். படம் பார்க்கும்போது யாருக்காவது அது தோன்றியதா?

முதல் படத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டாவதில் அதே முகத்தின் அருகே உட்காரலாம் போல இருக்கிறது. எலும்பு மாறவில்லை. வேறு எதையோ அவர் மாற்றியிருக்கிறார். அது என்ன என்பதைத்தான் பேச வேண்டும்.

மார்ச் 3

அது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போஸல்த்வெயிட்டின் உண்மையான குடும்பப் பெயரே அதுதான். தொடக்கக் காலத்தில் பெயரை மாற்றிக்கொள்ளும்படி பலர் யோசனை சொன்னார்கள். இவ்வளவு நீளப் பெயரை அரங்க வாசலில் விளக்கு எழுத்தில் போட்டால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்பது அவரைச் சுற்றி வழங்கிய வேடிக்கை. அவர் மாற்றவில்லை.

மார்ச் 5

இந்தக் குறிப்பு நீளும். அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் அவருடைய நடிப்பைப் பற்றிப் பேசுவது வீண்.

வாரிங்டன், இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள தொழில் நகரம். கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பம். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளியாக இருந்தவர், பிற்பாடு பள்ளி ஒன்றில் பராமரிப்பாளர். பையனுக்குப் பாதிரியார் ஆகும் எண்ணமும் இருந்தது. கடைசியில் லண்டனை ஒட்டிய ஸ்ட்ராபெரி ஹில்லில் உள்ள செயின்ட் மேரிஸ் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்று, மான்செஸ்டரில் லொரேட்டோ கன்னியர் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்தார். இருபதுகளின் நடுவில்தான் வேலையை விட்டுவிட்டு பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு லிவர்பூல் எவ்ரிமேன். இந்த அரங்கைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். ஹோப் தெருவில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் 1964-இல் தொடங்கியது. எழுபதுகளில் அங்கே நடித்தவர்களைப் பாருங்கள்: ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனாதன் பிரைஸ், அந்தோணி ஷெர், இவர். எழுதியவர்களில் ஆலன் பிளீஸ்டேலும் வில்லி ரசலும். யாருக்கும் அப்போது பெயர் கிடையாது. 'வேன்லோடு' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். வேனில் ஏறிப் போய் பப்களிலும் பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் நாடகம் போடுவார்கள். பப்பில் கையில் கோப்பையோடு நிற்கும் கப்பல்துறைத் தொழிலாளியை உங்கள் பக்கம் திருப்ப வேண்டும். அவர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் இல்லை. பிடிக்கவில்லை என்றால் முதுகைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். அந்தக் கூட்டத்தின் முன் முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்? குரல் வேண்டும், நேரம் தெரிய வேண்டும், எதிரில் இருப்பவர் மனம் எந்தக் கணத்தில் விலகுகிறது என்று தெரிய வேண்டும். போஸல்த்வெயிட்டின் பள்ளிக்கூடம் அதுதான் என்பது என் எண்ணம். பிரிஸ்டலுக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

இன்னொன்று. அந்தத் தலைமுறைக்கு உள்ளாட்சி மன்றங்கள் படிப்புதவித் தொகை கொடுத்தன. தொழிலாளி வீட்டுப் பிள்ளை கடன் இல்லாமல் கல்லூரிக்கும் நாடகப் பள்ளிக்கும் போக முடிந்தது. அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் தன்னைப் போன்றவர் நடிக்க வந்திருக்கவே முடியாது என்று ஜூலி வால்டர்ஸ் பலமுறை பேசியிருக்கிறார். இன்று அந்த ஏணி இல்லை. பிரிட்டனிலிருந்து இப்போது வரும் நடிகர்களில் வசதியான தனியார் பள்ளிகளில் படித்தவர்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். திறமை எங்கும் பிறக்கிறது. வந்து சேர வழி வேண்டாமா?

மார்ச் 6

எண்பதுகளில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியிலும் நடித்தார். மேலே எழுத விட்டுப்போயிற்று. சினிமாவில் உலகம் அவரைக் கவனித்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1990-இல் விரைப்பையில் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்று மீண்டார். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் படங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "ஜுசெப்பே பாத்திரமே உருக்கமானது. யார் செய்தாலும் கண்ணீர் வரும்."

வராது. நான் சொல்வது மேடை அனுபவத்தில். கல்லூரி நாளில் நாங்கள் போட்ட நாடகத்தில் எனக்குத் தந்தை வேடம். மகன் கத்தி முடிக்கும் வரை நான் சும்மா நிற்க வேண்டும். வசனம் இருந்தால் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. வசனம் இல்லாமல் நிற்பது அவ்வளவு கடினம். கை எங்கே போவது என்று தெரியாது, கண் பார்வையாளர் பக்கம் ஓடும். எங்களை இயக்கிய ஆசிரியர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "கேள்." கேட்பதுபோல் நடிக்காதே, உண்மையிலேயே கேள் என்று பொருள்.

இப்போது அந்தச் சிறைக் காட்சியைப் பாருங்கள். தந்தையும் உள்ளே வந்துவிட்டார் என்றதும் மகன் வெடிக்கிறான். சிறுவயதில் கால்பந்தில் பதக்கம் வாங்கி வந்த நாளில்கூடத் தன்னிடம் குறைதான் கண்டீர்கள் என்று வருஷக் கணக்கில் அடைத்துவைத்ததைக் கொட்டுகிறான். டே-லூயிஸ் அறை முழுக்க நடித்துத் தீர்க்கிறார். போஸல்த்வெயிட் கேட்கிறார், அவ்வளவுதான். முகத்தில் கோபம் வரவில்லை, தியாகி வேஷமும் வரவில்லை. பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்று யோசிக்கிற ஒரு தந்தை தெரிகிறார். இதே இடத்தில் இன்னொரு நடிகர் கண்கலங்கியிருப்பார், நம்மிடம் இரக்கம் கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. அதனால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படத்தை அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொண்டு சிலர் எழுதுகிறார்கள். கில்ட்ஃபர்ட் நகரின் பப்களில் குண்டு வெடித்தது 1974 அக்டோபர் 5. ஜுசெப்பேயின் மகன் ஜெரி கான்லன் உட்பட நால்வர் மேல் பழி போடப்பட்டது. மகனுக்கு வழக்கறிஞர் வைக்க லண்டன் வந்த ஜுசெப்பே, மகுவயர் குடும்பத்து வீட்டில் கைதானார். வெடிமருந்தைக் கையாண்டார் என்பது வழக்கு, 1976-இல் தண்டனை. 1980 ஜனவரியில் சிறைக்காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். நால்வரும் விடுதலையானது 1989-இல். ஜுசெப்பே மேலிருந்த தீர்ப்பு நீக்கப்பட்டது 1991-இல், அவர் இறந்து பதினொரு ஆண்டு கழித்து. பிரதமர் டோனி பிளேர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2005-இல்.

படத்தில் தந்தையும் மகனும் ஒரே அறையில் இருக்கிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. இரண்டு தனித்தனி வழக்குகளையும் ஒரே விசாரணை போலக் காட்டியிருக்கிறார்கள். படம் வந்தபோது பிரிட்டனில் இதற்குப் பெரிய கண்டனம் எழுந்தது. சட்ட நுணுக்கத்தில் கண்டனம் சரி. ஆனால் ஒரே அறையில் போடாமல் இந்த உறவைக் காட்டியிருக்க முடியாது என்பதும் சரி. நான் ஷெரிடன் பக்கம்.

மார்ச் 9, இரவு

அந்த வேடத்துக்கு ஆஸ்கரில் சிறந்த துணை நடிகர் பரிந்துரை கிடைத்தது. பரிசு 'த ஃபியூஜிட்டிவ்' படத்துக்காக டாமி லீ ஜோன்ஸுக்குப் போயிற்று. அதே பட்டியலில் இளம் லியோனார்டோ டிகாப்ரியோவும் இருந்தார். மூன்று ஆண்டுக்குள் இருவரும் 'ரோமியோ + ஜூலியட்' படத்தில் சேர்ந்து நடித்தார்கள். முதுகில் பெரிய சிலுவை பச்சை குத்திய பாதிரியாராக இவர். அந்தப் படத்தில் கூச்சலும் துப்பாக்கியும் அதிகம். இவர் வாயைத் திறந்தால் மட்டும் ஷேக்ஸ்பியரின் வரி புரியும்படி காதில் விழுகிறது.

மார்ச் 12

'த யூசுவல் சஸ்பெக்ட்ஸ்' பற்றிக் கேட்டவருக்கு: முடிவு தெரியாதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

அதில் இவர் வழக்கறிஞர். பெயர் கோபயாஷி, ஜப்பானியப் பெயர். ஆள் ஜப்பானியர் இல்லை. பேச்சோ எந்த நாட்டுப் பேச்சு என்று சொல்ல முடியாத ஒன்று, நம் துணைக்கண்டத்தின் சாயல் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது உறுத்தியது. வெள்ளைக்காரர் ஒருவர் நம்மவர் பேச்சை இரவல் வாங்குகிறாரே என்று எரிச்சல். கடைசியில்தான் விஷயம் தெரிகிறது: கதை சொல்பவன் அந்தப் பெயரைப் பீங்கான் கோப்பையின் அடியில் படித்துப் பொறுக்கியிருக்கிறான். அப்படியென்றால் நாம் இதுவரை பார்த்த வழக்கறிஞர் ஒரு பொய்யனின் வாயில் தைத்துப் பிறந்த ஆள். பெயர் ஓரிடம், பேச்சு ஓரிடம், முகம் ஓரிடம் என்று தையல் தெரியும்படி நடித்திருக்கிறார். முழுப் படத்திலும் உண்மைக்கு மிக அருகில் நமக்குத் துப்புக் கொடுத்தவர் அவர்தான்; நாம்தான் கவனிக்கவில்லை.

எரிச்சல் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் நடிப்பை மெச்சுகிறேன்.

மார்ச் 13

"உலகின் தலைசிறந்த நடிகர் என்று ஸ்பீல்பெர்க் சொன்னாராமே" என்கிறார்கள். சொன்னார். 1997-இல் 'த லாஸ்ட் வேர்ல்டு', 'அமிஸ்டாட்' என்று இரண்டு படங்களில் வைத்து வேலை வாங்கியவர் அவர். அதற்குப் போஸல்த்வெயிட் கொடுத்த விளக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஸ்பீல்பெர்க் சொன்னது வேறாக இருக்கும், "பீட்டிடம் என்ன சிக்கல் என்றால், உலகின் தலைசிறந்த நடிகர் தான்தான் என்று அவருக்கு நினைப்பு" என்றுதான் சொல்லியிருப்பார் என்றாராம்.

'த லாஸ்ட் வேர்ல்டு' வெறும் டைனோசர் படம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். வேட்டைக்காரர் ரோலண்ட் டெம்போ. பணம் வேண்டாம், ஆண் டி-ரெக்ஸை வேட்டையாடும் உரிமை மட்டும் போதும் என்று வருகிறவர். வில்லனாகத்தான் எழுதத் தொடங்கியிருப்பார்கள் போலிருக்கிறது. அவருடைய பழைய கூட்டாளி அஜய் சித்து என்ற இந்தியர், வேட்டைத் துணை. அஜய் ராப்டர் வகை டைனோசர்களிடம் மாட்டி இறந்துபோகிறார். கடைசியில் டெம்போ நினைத்ததைச் சாதித்துவிட்டார், மிருகம் மயங்கிக் கிடக்கிறது. முதலாளி அருகில் வந்து புகழ்கிறார், புதிய பூங்காவில் வேலை தருகிறேன் என்கிறார். டெம்போ முகத்தைப் பாருங்கள். மரணத்தோடு இவ்வளவு நாள் கூடியிருந்தது போதும் என்ற பொருளில் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு நடந்துபோகிறார். நண்பனுக்காக அழும் காட்சி அவருக்கு எழுதப்படவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிற களைப்பிலேயே அஜய்க்கான துக்கத்தை முடித்துவிட்டார். அஜய் இறந்ததைப் படம் மறந்துவிட்டது, இவர் மறக்கவில்லை.

மார்ச் 17

'பிராஸ்டு ஆஃப்'. 1996, மார்க் ஹெர்மன் எழுதி இயக்கியது. இதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நாளாகக் காத்திருந்தேன்.

யார்க்ஷயரில் கிரிம்லி என்று கற்பனைப் பெயர் வைத்த சுரங்க ஊர். நிஜத்தில் அது கிரிம்தார்ப். அங்கே நிலக்கரிச் சுரங்கமும் அதன் பெயரில் புகழ்பெற்ற பித்தளை இசைக்குழுவும் இருந்தன. 1992 அக்டோபரில் நாடு முழுவதும் சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. அதே மாதம் கிரிம்தார்ப் குழு தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. குழு இன்றும் வாசிக்கிறது. படத்தில் கேட்கும் வாசிப்பு அந்தக் குழுவுடையதுதான்.

போஸல்த்வெயிட் குழுவின் நடத்துநர் டேனி. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் போனாலும் இசை போகக்கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. வீட்டில் மகன் பில் கடனில் மூழ்கிக்கொண்டிருப்பது கண்ணில் படவில்லை. நல்ல மனிதர், அதே நேரம் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காத மனிதர். இரண்டையும் சேர்த்துத்தான் நடித்திருக்கிறார், அதனால்தான் டேனி சிலை ஆகிவிடவில்லை.

இருமல் காட்சிகளைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து போயிருக்கிறேன். என் தாத்தா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மூச்சு முட்டும்போது அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். நடந்துகொண்டே இருந்து சட்டென நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எதிர் வீட்டு மாடியில் ஏதோ பார்ப்பதுபோல் பார்ப்பார். நாங்களும் அந்த மாடியைப் பார்ப்போம், அங்கே ஒன்றும் இருக்காது. மூச்சு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து நடப்பார். டேனியிடம் அந்த மறைப்பு இருக்கிறது. நோயை நடிப்பவர்கள் நோயைக் காட்டுவார்கள். இவர் நோயை மறைக்க முயல்கிற ஒருவரைக் காட்டுகிறார். நுரையீரல் கெட்ட ஜுசெப்பேயையும் நுரையீரல் கெட்ட டேனியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜுசெப்பே தன் நோயோடு சமாதானமாக வாழ்ந்தவர், மூச்சை அளந்து செலவழிப்பார். டேனிக்கு நோயின்மேல் கோபம், தாளம் கெட்டுப்போகிறதே என்ற கோபம். இரண்டும் ஒன்று என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மருத்துவமனைக்கு வெளியே இரவில் குழுவினர் தலைக்கவச விளக்கு எரிய நின்று 'டேனி பாய்' வாசிக்கும் இடத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட லண்டன் ஆல்பர்ட் ஹால் அரங்கில் வரும் பேச்சு முக்கியம். போட்டியில் வென்றுவிட்டார்கள். டேனி மேடையேறிக் கோப்பை வேண்டாம் என்கிறார். வாங்கியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், மறுத்தால்தான் செய்தியாகும், இப்போது நான் சொல்வதைக் கேட்பீர்கள் என்று அவரே விளக்குகிறார். இசைதான் பெரிது என்று நினைத்திருந்தேன், மனிதர்களுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்கிறார். நாங்கள் கடல்நாயாகவோ திமிங்கிலமாகவோ இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பீர்கள் என்கிறார். இது மேடைப் பேச்சாக எழுதப்பட்டது. வேறு ஒருவர் வாயில் பிரசாரமாகப் போயிருக்கும். போஸல்த்வெயிட் குரலைத் தூக்கவே இல்லை. ஒரு வாழ்நாள் நம்பிக்கையைக் கழற்றிவைப்பவருக்கு எவ்வளவு தயக்கம் இருக்குமோ அவ்வளவு தயங்கி, சொல் சொல்லாகத் தேடிப் பேசுகிறார். சம்பாவம்பா என்ற பிரிட்டிஷ் பாட்டுக் குழுவினர் அடுத்த ஆண்டு தங்கள் 'டப்தம்பிங்' பாடலின் ஆல்பம் வடிவத்தை அந்தப் பேச்சின் ஒரு துண்டோடு தொடங்கினார்கள். நடன அரங்கில் உலகமே ஆடிய பாட்டு.

படத்தின் முடிவில் வரும் எழுத்துக் குறிப்பு: 1984-இலிருந்து பிரிட்டனில் 140 சுரங்கங்கள் மூடப்பட்டன, ஏறக்குறைய இரண்டரை லட்சம் வேலைகள் போயின.

மார்ச் 18

நேற்று எழுதியதற்குச் சிறு சேர்க்கை. அந்தக் கோப்பையை டேனி மறுத்தாலும் குழுவில் ஒருவர் எடுத்துக்கொண்டுதான் போகிறார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. வறுமையில் உள்ளவர்களுக்குக் கொள்கையும் வேண்டும், கோப்பையும் வேண்டும்.

மார்ச் 21

"தந்தைகளையே சொல்கிறீர்கள், கொடியவர் வேடம்?" என்று ஒருவர். சரி, இரண்டு.

தொலைக்காட்சியில் வந்த 'ஷார்ப்' தொடரில் ஒபதையா ஹேக்ஸ்வில். நெப்போலியன் காலப் படையில் சார்ஜெண்ட். சிறுவனாக இருந்தபோது தூக்கிலிட்டும் சாகாதவன், அதனால் கழுத்து இழுத்துக்கொண்டே இருக்கும். தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்துத் தன் தாயோடு பேசுவான். ஒளிபரப்பானது 1994-இல், ஜுசெப்பேக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்த அதே ஆண்டு. ஒரு பக்கம் அழவைத்தவரும் மறுபக்கம் அருவருக்கவைத்தவரும் ஒரே மனிதர். இது பெரிதாக, சத்தமாக, எச்சில் தெறிக்க நடித்தது. பப் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பக் கற்றவரின் நடிப்பு.

இன்னொன்று 2010-இல் பென் அஃப்லெக் இயக்கிய 'த டவுன்'. பாஸ்டனில் பூக்கடை வைத்திருக்கும் குற்றத் தலைவர். கதாநாயகன் இனிக் கொள்ளைக்கு வரமாட்டேன் என்கிறான். இவர் ரோஜாத் தண்டுகளைச் சீவிக்கொண்டே, உன் தாயையும் தந்தையையும் நான் எப்படி அழித்தேன் என்று விவரிக்கிறார். கை வேலையை விடவில்லை. குரலில் வியாபாரி விலை சொல்கிற சலிப்பு. ஹேக்ஸ்வில்லிடம் இருந்த எந்த ஒன்றும் இங்கே இல்லை, இழுப்பு, கத்தல், கண்ணை உருட்டல், எதுவும். முகம் மட்டும் அதேதான். கேள்வி கேட்ட நண்பர் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு எழுதட்டும்.

மார்ச் 24

முதல் குறிப்பில் "வேறு எதையோ மாற்றியிருக்கிறார்" என்று விட்டிருந்தேன். இத்தனை நாள் யோசித்ததில் எனக்குத் தெளிவாகிறது: அவர் மாற்றுவது எதிரில் நிற்பவரிடமிருந்து தனக்கு இருக்கும் தூரத்தை. 'டிஸ்டன்ட் வாய்சஸ்' தந்தை வீட்டில் விழித்திருக்கும் யாரையும் பார்ப்பதே இல்லை, பார்த்தால் அடிதான். ஜுசெப்பே மகனிடமிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. டேனி மகனைத் தாண்டி இசைக்குழுவைப் பார்க்கிறார். பூக்கடைக்காரர் பூவைப் பார்க்கிறார். இது முகத்தின் வேலை இல்லை, உறவின் வேலை. நடிகர் எதிரில் இருப்பவரை எவ்வளவு கவனிக்கிறார் என்பதன் வேலை.

மார்ச் 27

மேடைக்கு அவர் திரும்பியது பற்றிச் சிலர் கேட்டதால். 2008-இல் லிவர்பூல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்த ஆண்டில், அதே எவ்ரிமேன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னராக நடித்தார், ரூபர்ட் கூல்ட் இயக்கத்தில். அறுபத்திரண்டு வயது. ஹாலிவுட் வாய்ப்புகளுக்கு நடுவே, தான் தொடங்கிய சிறு அரங்குக்கு அவர் லியரைக் கொண்டுபோனார் என்பதே எனக்குப் போதும். லிவர்பூலில் விமர்சனங்கள் ஒரே மாதிரி வரவில்லை. மறு ஆண்டு லண்டன் யங் விக் அரங்குக்கும் போனது. தன் பிள்ளைகளைச் சரியாகப் பார்க்கத் தெரியாத தந்தையின் கதை லியர். அவர் சினிமாவில் செய்த தந்தையர் எல்லோரும் அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள்.

மார்ச் 28

அரசியல் பேச வேண்டாம் என்கிறார் ஒருவர். பேசாமல் முடியாது, அவரே பேசியவர். ஈராக் போருக்கு எதிராக ஊர்வலம் போனவர். 2009-இல் ஃப்ரானி ஆம்ஸ்ட்ராங்கின் 'த ஏஜ் ஆஃப் ஸ்டுபிட்' படத்தில், 2055-இல் அழிந்துபோன உலகில் தனியாக உட்கார்ந்து பழைய பதிவுகளைப் பார்க்கும் ஆவணக் காப்பாளராக வந்தார். முதல் திரையிடலில், கென்ட் பகுதியில் கிங்ஸ்நார்த் என்ற இடத்தில் புதிய நிலக்கரி மின்நிலையத்துக்கு அரசு அனுமதி கொடுத்தால் தனக்கு 2004-இல் அளித்த ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டத்தைத் திருப்பித் தருவேன் என்று, அங்கே வந்திருந்த அமைச்சர் எட் மிலிபாண்டிடமே அறிவித்தார். அதே ஆண்டில் மின்நிலையத்தைக் கட்டவிருந்த நிறுவனம் திட்டத்தைத் தள்ளிவைத்தது, பிறகு கைவிட்டது.

சுரங்கத் தொழிலாளிக்காகக் குரல் கொடுத்த டேனி, நிலக்கரி மின்நிலையத்தை எதிர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. என் பதில்: டேனி பேசியது நிலக்கரிக்காக இல்லை, ஊரோடு சேர்த்துத் தூக்கியெறியப்பட்ட மனிதர்களுக்காக. தொழில் மாற வேண்டும் என்பது வேறு, மாற்றத்தின் சுமை முழுவதையும் ஒரே ஊரின் தலையில் இறக்குவது வேறு. இதை இன்னும் விரிவாகப் பேசத் தயார்.

ஏப்ரல் 1

2011 ஜனவரி 2 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார், வயது 64. ஷ்ராப்ஷயர் கிராமப்புறத்தில்தான் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். 'த டவுன்' படத்துக்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதின் பரிந்துரை அறிவிக்கப்பட்டது அதே மாதம், அவர் போன பிறகு. தன்வரலாறும் அந்த ஆண்டில்தான் அச்சாகி வந்தது.

'இன்செப்ஷன்' படத்தில் அவர் வருவது சில நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். படுக்கையில் கிடக்கும் கோடீஸ்வரத் தந்தை. மகன் குனிந்து காது கொடுக்கிறான், தந்தை "ஏமாற்றம்" என்று ஒரு சொல்லை இழுத்துச் சொல்கிறார். அந்த ஒரு சொல்லை மகன் எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பதில்தான் அந்த மாபெரும் படத்தின் முழுத் திருட்டும் நிற்கிறது. அங்கே ஒரு சாதாரண நடிகரைக் கிடத்தியிருந்தால் மகனாக நடித்த கிலியன் மர்ஃபியின் அழுகை நமக்கு எட்டியிருக்காது. இயக்குநருக்கு அது தெரியும், அதனால்தான் சில நிமிடத்துக்கு இவரைத் தேடிப் பிடித்தார்.

ஏப்ரல் 3

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டவருக்கு: 'பிராஸ்டு ஆஃப்' முதலில். எளிதில் ஒட்டிக்கொள்ளும், சிரிக்கவும் இடம் உண்டு. பிறகு 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்'. 'டிஸ்டன்ட் வாய்சஸ்' மூன்றாவதாக, தனியாக, பொறுமையாக. அதில் கதை வரிசையாகப் போகாது, நினைவுகள் முன்பின்னாக வரும், பாட்டுகள் நிறைய. வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதைப் பகலில் பார்ப்பது நல்லது. டைனோசர் படத்தை வீட்டுப் பிள்ளைகளோடு எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், டெம்போ வரும் காட்சிகளில் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு.